பம்ப் ஹவுஸ் பக்கம் ஆழமில்லை

ஜூன் 22, ஞாயிறு

இன்று படகில் நடந்ததை யாரிடமும் சொல்லக் கூடாது என்று அப்பா சொன்னார். என்ன நடந்தது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அதனால் சொல்லாமல் இருப்பது இப்போதைக்குச் சுலபமாக இருக்கிறது. ஆனால் தூக்கம் வரவில்லை. எழுதினால் சொன்னதாகுமா என்று யோசித்தேன். ஆகாது என்று முடிவு செய்திருக்கிறேன்.

எல்லோரும் தூங்குகிறார்கள். தங்கச்சி அக்ஷிதா என் மேல் காலைப் போட்டிருக்கிறாள். அம்மாவின் போனைப் போர்வைக்குள் வைத்து அந்த வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

பெனாசிர் அக்கா என்று ஒருவர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து எங்கள் கழியில் சேறு எடுக்கிறார். எங்கள் குப்பத்துக்குப் பின்னால் உப்புத் தண்ணீர் நின்று, பிறகு கடலோடு சேருமே, அதுதான் கழி. ஊரில் அவருக்கு ‘மண்ணு டீச்சர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் டீச்சர் இல்லை. எடுப்பதும் மண் இல்லை. இருந்தாலும் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார்.

அவர் அப்பாவின் ஃபைபர் படகை வாடகைக்கு எடுத்திருந்தார். பை பிடிக்க நானும் போனேன். நீளமான பிளாஸ்டிக் குழாயைச் சேற்றில் செருகி, மேல்பக்கத்தை மூடி, இழுக்க வேண்டும். உள்ளே சேறு அடுக்கடுக்காக வரும். எங்கெங்கே எடுப்பது என்று அவரிடம் ஒரு வரைபடம் இருந்தது. கடைசி இடம் பழைய பம்ப் ஹவுஸ் பக்கம். மூடிப்போன பூச்சிமருந்து கம்பெனிக்கு ஒரு காலத்தில் அங்கிருந்துதான் தண்ணீர் இழுத்தார்கள்.

அப்பா இன்ஜினை அணைத்தார்.

"அங்க வேணாம்மா. ஆழம் இல்ல. இன்ஜின் ஃபேனு சேத்துல மாட்டிக்கும்."

"கம்பு போட்டுத் தள்ளிப் போலாமாண்ணே?"

"ஆழம் இல்லன்றேன் இல்ல."

பெனாசிர் அக்கா அதை நம்பிக் குறித்துக்கொண்டார். நான் பம்ப் ஹவுஸைப் பார்த்தேன். கடைசிப் படி முழுகியிருந்தது. கடைசிப் படி முழுகினால் ஐஸ் ஏற்றிய படகே அங்கே போகும். இது குப்பத்தில் அக்ஷிதாவைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

கரைக்கு வந்ததும் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஆழம் இல்லன்னு சொன்னேன். நீயும் அதையே சொல்லு. வேற யார்கிட்டயும் இதப் பத்திப் பேச்சே வேணாம்." அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. அடித்திருந்தால் சின்ன விஷயம் என்று தெரிந்திருக்கும்.

ஜூன் 23, திங்கள்

போனில் சார்ஜ் ஏன் குறைந்தது என்று அம்மா கேட்டாள். பாட்டு கேட்டேன் என்றேன். என்ன பாட்டு என்று கேட்பாள் என நான் எதிர்பார்க்கவில்லை.

ஜூன் 25, புதன்

பள்ளி விட்டதும் அம்மாவோடு கழிக்குப் போனேன். அம்மா இறால் தடவுகிறவள். கழுத்தளவு தண்ணீரில் குந்தியபடியே நகர்ந்து, கையைச் சேற்றுக்குள் விட்டு, இறால் துள்ளுவதற்குள் பிடிப்பாள். இரண்டு கையும் சேற்றில் இருக்கும் என்பதால், பனையோலைப் பறியின் விளிம்பைப் பல்லில் கடித்துக்கொள்வாள். பிடிக்கிற இறால் எல்லாம் பறிக்குள் விழும். பறி வாயில் இருக்கும்போது எதைக் கேட்டாலும் ‘ம்’ என்றுதான் சொல்ல முடியும். டூர் போக, போன் எடுக்க, முடி வெட்டிக்கொள்ள என்று எனக்கு வேண்டிய எல்லாவற்றுக்கும் நான் அப்போதுதான் அனுமதி கேட்பேன்.

இன்று ஒன்றும் கேட்கவில்லை. "இன்னாடி, உடம்பு சரியில்லையா?" என்று கரையேறியதும் அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அந்த இறாலை நாங்கள் சாப்பிட மாட்டோம். நான் ஒன்றாம் வகுப்பில் மஞ்சள்காமாலை வந்து கிடந்தபோது, கழியில் பிடித்ததை இனி வீட்டில் சமைப்பதில்லை என்று அப்பா அம்மனுக்கு வேண்டிக்கொண்டாராம். கடல் மீன் மட்டும்தான். கழி இறால் விற்பனைக்கு. பாதிக்கு மேல் எங்கள் தெருவிலேயே போய்விடும்.

எதிர்வீட்டுப் பூங்காவனம் அத்தை இன்றும் இறால் வாங்கினார். வழக்கம்போல அம்மாவைக் கிண்டலும் செய்தார்.

"ஏன் அஞ்சல, அம்மன் கழி இறாலுக்கு மட்டும்தான் கோவிச்சுக்குமா? வஞ்சிரத்துக்கும் வேண்டிக்கச் சொல்லு ஒம் புருசன. எங்களுக்கு மிச்சமாவும்."

"ஒனக்குன்னா வெங்காயத்துக்கே வேண்டிக்கச் சொல்றேன்" என்றாள் அம்மா.

ஜூன் 29, ஞாயிறு

மறுபடி சேறு எடுக்கப் போனோம். அப்பாவே என்னைக் கூட்டிப்போனார். என்னைக் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொள்ள நினைக்கிறார் என்று தோன்றுகிறது. இல்லாமலும் இருக்கலாம். பை பிடிக்க ஆள் வேண்டும்தானே.

கழியைத் தூர் வாரப்போகிறார்கள். படகு போய்வர முடியாமல் முகத்துவாரம் தூர்ந்துவிட்டது என்று ஊர்தான் மனு கொடுத்தது. போன மாதம் இரண்டு பேர் அரசு வேனில் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போனார்கள். தண்ணீரில் கெடுதல் ஒன்றும் இல்லை என்று முடிவு வந்துவிட்டது. மீனவர் சங்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

"தண்ணி நல்லாருக்குன்னு போட்டுட்டாங்களே. அப்புறம் சேறு எதுக்குக்கா?" என்று கேட்டேன்.

பெனாசிர் அக்கா என் டிபன் பாக்ஸைப் பார்த்தார். மூடி மஞ்சளாக இருந்தது. என்ன தேய்த்தாலும் போகாத சாம்பார் மஞ்சள்.

"இதுல தண்ணி ஊத்தினா தண்ணி மஞ்சளாகுமா?"

"ஆகாது."

"அப்ப அந்தத் தண்ணியப் பாத்து, மூடியில மஞ்சளே இல்லன்னு எழுதிடலாமா?"

மேலும் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் ஒரு ஸ்பீடு போட் கடந்து போனது. படகு ஆடியது. அவர் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். ஆம்பூர்ப் பக்கத்துக்காரர். கடலே இல்லாத ஊரில் பிறந்துவிட்டு ஏன் இந்தப் படிப்பை எடுத்தார் என்று அப்பா கேட்டார். "தோல் தொழிற்சாலைத் தண்ணிலதான்ணே ஆரம்பிச்சேன். அது ஆடாது" என்று சொல்லிவிட்டு மறுபடி வாந்தி எடுத்தார்.

அப்பா சிரித்தார். ஒரு வாரத்தில் முதல் முறை.

ஜூன் 30, திங்கள்

மூடியில் தண்ணீர் ஊற்றிவைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. பிறகு தேங்காய் எண்ணெய் ஊற்றி வைத்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

எண்ணெய் மஞ்சளாகிவிட்டது. மூடி கொஞ்சம் வெளுத்திருக்கிறது. முழுவதும் இல்லை.

தலைக்கு வைக்கிற எண்ணெயை டிபன் பாக்ஸுக்கு வைக்கிறவளை இன்றுதான் பார்க்கிறேன் என்று அம்மா கத்தினாள். அந்த மஞ்சள் எண்ணெயையே என் தலையில் தேய்த்துவிட்டாள். வகுப்பில் மூன்று பேர் முகர்ந்து பார்த்தார்கள்.

ஜூலை 3, வியாழன்

பெனாசிர் அக்கா சங்கத்து அறையில் குழாய்ச் சேற்றைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். எண்ணெய் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு ரொம்பச் சந்தோஷம். நான் புரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன். மறந்துவிட்டால் நல்லது. ஆனால் மறக்காது.

சில பூச்சிமருந்துகள் எண்ணெய் மாதிரி. தண்ணீரோடு சேராது. கழியில் விழுந்தால் கொஞ்ச நாளில் தண்ணீரை விட்டுவிட்டுச் சேற்றில் இருக்கிற மட்கிய கறுப்போடு ஒட்டிக்கொள்ளும். மேலே தண்ணீர் தெளிந்துவிடும். ஊரும் மறந்துவிடும். வருடங்கள் போகப்போக அது சேற்றுக்குள் இன்னும் ஆழமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். சும்மா இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வரும். சேற்றைக் கலக்கினால் நிறைய வரும். சேற்றில் மேய்கிற இறாலின் உடம்பில் கொழுப்பு இருக்கிறது. நான் மூடியில் ஊற்றிய தேங்காய் எண்ணெய் மாதிரிதான் அதுவும். மருந்து அதில் ஏறிக்கொள்ளும்.

"நம்ம கழியில அப்படி இருக்காக்கா?"

"இருக்கா இல்லையான்னு பாக்கத்தான் இந்தப் பாடு. லேப் முடிவு வர மாசக்கணக்கா ஆகும். அதுக்குள்ள இவங்க வாரியே முடிச்சுடுவாங்க." சேற்றுத் துண்டை ஒரு பைக்குள் போட்டார். "ரூபிகா, அந்தப் பம்ப் ஹவுஸ் பக்கம் நிஜமாவே ஆழம் இல்லையா?"

"இல்லக்கா" என்றேன்.

பையைக் கீழே போட்டுவிட்டேன். அவர் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஜூலை 4, வெள்ளி

இரவுச் சாப்பாட்டுக்குக் கருவாடு. ஊறவைத்த தண்ணீரை அம்மா மூன்று முறை மாற்றினாள். மூன்றையும் நான் நாக்கில் வைத்துப் பார்த்தேன். முதல் தண்ணீர் கடல். இரண்டாவதில் பாதி உப்பு. மூன்றாவதில் இருக்கிறதா இல்லையா என்பது போல. ஆனால் குழம்பில் போட்டுக் கொதித்த பிறகு கருவாட்டைக் கடித்தால் உப்பு இன்னும் உள்ளேயே இருக்கிறது.

"கருவாட்டுத் தண்ணிய குடிக்கிற அளவுக்கு இந்த வூட்டுல இன்னாடி பஞ்சம்?" என்றாள் அம்மா.

ஜூலை 6, ஞாயிறு

ஊர்க் கூட்டம். ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் தொடங்க மாட்டார்கள் என்பதால், வருகிற ஞாயிற்றுக்கிழமையே பூஜை போட்டுவிடுவது என்று நாட்டார் சொன்னார். நாட்டார் என்பது எங்கள் ஊர்த் தலைவர். பெயர் கலியபெருமாள். பூஜைக்கு மறுநாளே மிதவையில் ஏற்றிய பொக்லைன் வேலையைத் தொடங்கும். பம்ப் ஹவுஸ் பக்கத்திலிருந்து ஆரம்பித்து முகத்துவாரம் வரை. அள்ளுகிற சேற்றை எங்கள் பள்ளி மைதானத்தில் கொட்டி மேடாக்குவார்கள். மழைக்காலத்தில் அங்கே முட்டியளவு தண்ணீர் நிற்கும். பி.டி. சார் போன வாரமே வாலிபால் வலை வாங்கிவிட்டார்.

அப்பா எழுந்தார். அப்பா கூட்டத்தில் பேசி நான் பார்த்ததே இல்லை.

"கழிய வார வேணாம். முகத்துவாரத்த மட்டும் வெட்டிக்கலாம். சேத்தக் கலக்கினா மீனு போயிடும்."

"தேசிங்கு, நீதான் கழி மீன வாயிலயே வைக்க மாட்டியே. இருந்தா என்ன, போனா என்ன?" என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். பூங்காவனம் அத்தை ரொம்பச் சிரித்தார்.

அப்பா உட்கார்ந்துவிட்டார்.

ஜூலை 8, செவ்வாய்

அப்பா நல்லவர். அக்ஷிதாவுக்குத் தலை வாரிவிடுவார். குடிக்க மாட்டார். புயலில் மாட்டிய பூங்காவனம் அத்தையின் மகனைப் போய் இழுத்து வந்தவர் அவர்தான். இதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 9, புதன்

ஒன்றாம் வகுப்பில் நடந்தவை என்று எனக்கு ஞாபகம் இருப்பவை:

மஞ்சள்காமாலை. கசப்பு மருந்து. ஒரு வாரம் கழியில் மீன் செத்து வெள்ளையாக மிதந்தது. நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்த்தோம். பிறகு தண்ணீர் தெளிந்துவிட்டது. மருந்து கம்பெனி மூடியது. அதில் லோடு ஏற்றும் வேலையிலிருந்த அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். அதே மாதம் ஃபைபர் படகு வந்தது. புதுப் படகுக்கு மாலை போட்டார்கள். நான் படகில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டேன்.

வேண்டுதல் என்னுடைய காமாலைக்காக என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். இன்று அம்மாவிடம் கேட்டேன். பறி வாயில் இல்லாதபோதுதான் கேட்டேன்.

"காமால எறங்கி ரெண்டு மாசம் கழிச்சுத்தான் வேண்டிக்கிட்டாரு. நல்லான பிறகு எதுக்குயா வேண்டுதல்னு நான்கூடக் கேட்டேன். உங்கப்பாவுக்கு எதுவும் லேட்டு" என்றாள் அம்மா.

இன்று இதற்கு மேல் எழுதவில்லை.

ஜூலை 11, வெள்ளி

தமிழ்த் தேர்வு. ‘என் தந்தை’ பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். ‘நூலகத்தின் பயன்கள்’ என்று இன்னொரு தலைப்பும் இருந்தது. நான் நூலகம் எழுதினேன். எங்கள் பள்ளியில் நூலகம் கிடையாது.

ஜூலை 12, சனி

நாளை பூஜை என்பதால் இன்றும் நாளையும் யாரும் கடலுக்குப் போகக் கூடாது என்று நாட்டார் தண்டோரா போட்டுவிட்டார். ஊர் விசேஷம் என்றால் தொழிலை நிறுத்துவது எங்கள் வழக்கம். மீறினால் அபராதம். ஆனால் ஊர்ச் சாப்பாட்டுக்குக் கறி வேண்டுமே. கழி கணக்கில் வராது. ஆகவே இறால் தடவுகிற பெண்கள் எல்லாம் இறால் கொடுக்க வேண்டும் என்று சொன்னார்கள். ‘அஞ்சல கைதான் ராசி’ என்று அம்மாவிடம் பெரிய பாத்திரத்தையே கொடுத்தார்கள்.

அப்பா பந்தல் போடப் போயிருந்தார். நானும் அம்மாவும் போனோம். முன்பக்கம் எல்லாப் பெண்களும் இறங்கித் தடவியதில் ஒன்றும் மிச்சமில்லை. அம்மா கரையில் நின்று யோசித்தாள்.

"பம்ப் ஹவுஸ் பக்கம் போலாம். யாருமே போறதில்ல. கொழுத்துக் கெடக்கும்."

"அப்பா போகக் கூடாதுன்னு சொல்லிருக்காருல்லம்மா."

"அங்க கண்ணாடித் துண்டு கெடக்குன்னு சொன்னாரு. நான் பாத்து வச்சுக்கறேன். நீ சொல்லாத."

ஆக, யாரிடமும் சொல்லக் கூடாது என்று இப்போது எனக்கு இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள்.

அம்மா இறங்கினாள். கழுத்துவரை தண்ணீர். பறியைப் பல்லில் கடித்துக்கொண்டாள். கையை விட்ட இடமெல்லாம் சேறு கறுப்பாகக் கிளம்பியது. தண்ணீர்மேல் மெல்லிசாக ஒரு பளபளப்பு வந்து, வானவில் மாதிரி விரிந்து, அம்மாவின் தாடையில் ஒட்டியது. மூட்டைப்பூச்சி மருந்து வாசனை அடித்தது. கொஞ்சம்தான்.

"அம்மா, வாம்மா" என்றேன்.

"ம்."

"போதும்மா, வந்துடு."

"ம்."

பறி நிறையும்வரை வரவில்லை. இறால் எல்லாம் விரல் பருமன். ஊர் அண்டாவில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தோம். நான் அம்மாவின் முகத்தை என் தாவணியால் துடைத்துவிட்டேன். "இன்னாடி திடீர்ப் பாசம்?" என்றாள்.

அப்பாவிடம் சொல்லலாம். சொன்னால் அம்மா போனது தெரிந்துவிடும். நாட்டாரிடம் சொல்லலாம். சொன்னால் அப்பாவை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. பந்தல்காலிலேயே கட்டி வைத்துவிடுவார்களோ என்னவோ. பூஜைக்கு வருகிற பெனாசிர் அக்காவிடம் சொல்லலாம். அவரிடம்தான் நான் பொய் சொல்லியிருக்கிறேன்.

விடியப்போகிறது. எதையும் முடிவு செய்யவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பூஜை நன்றாக நடந்தது. பொக்லைனுக்குப் பொட்டு வைத்து மாலை போட்டார்கள். ஐயர் சொன்ன இடத்தில் நாட்டார் தேங்காய் உடைத்தார். பிறகு பந்தலில் பந்தி. சோறு, ரசம், இறால் தொக்கு. எங்கள் வீட்டாருக்கு வேண்டுதல் என்று தெரியும் என்பதால் அம்மாவுக்கும் எனக்கும் தனியாக முட்டை வைத்தார்கள். அப்பா தண்ணீர் பரிமாறிக்கொண்டிருந்தார். பெனாசிர் அக்கா சோறு முடித்துவிட்டுக் கைகழுவப் போயிருந்தார்.

அக்ஷிதா எங்களோடு உட்காரவில்லை. பூங்காவனம் அத்தை மடியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வயது நான்கு. வேண்டுதல் என்றால் என்னவென்று தெரியாது. அத்தைக்குத் தெரியும். ஆனால் குழந்தை கேட்டது என்று ஊட்டிவிட்டார்.

நான் பார்த்தேன். எழுந்திருக்க முயன்றேன். அதற்குள் அம்மாவும் பார்த்தாள். "தே, அது கேட்டா குடுத்துருவியா?" என்று சிரித்தபடியே சொன்னாள். அப்பா திரும்பினார்.

"இந்த இறா எங்க தடவுனது?" என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா இலையிலிருந்த முட்டையைக் கையில் எடுத்தாள்.

"எங்க தடவுன அஞ்சல?"

"பம்ப் ஹவுஸ் பக்கம்."

அப்பா தண்ணீர்க் குடத்தைப் போட்டார். இரண்டு இலைகளைத் தாண்டிப் போய், அக்ஷிதாவின் தாடையைப் பிடித்து, வாய்க்குள் விரலை விட்டு இறாலைத் தோண்டி எடுத்தார். அவள் அலறினாள். விரலை இன்னும் உள்ளே விட்டு வாந்தி எடுக்க வைத்தார். அத்தையின் புடவையெல்லாம் வாந்தி.

ரசம் உறிஞ்சுகிற சத்தம் மட்டும் ஒரு மூலையில் கேட்டு, அதுவும் நின்றது.

"இன்னா தேசிங்கு இது?" என்றார் அத்தை. கிண்டல் இல்லை.

"வேண்டுதல்."

"வேண்டுதலுக்கா புள்ள தொண்டையில கைய வுடுவ? எம் பேரன் ரெண்டாந்தடவ வாங்கித் தின்னுட்டு ஒக்காந்துருக்கான். அவன் வாயில கைய வுட மாட்டியா? நாங்க தின்னலாம், ஒம் புள்ள தின்னக் கூடாதா?"

நாட்டார் இலையை மடித்துவிட்டு எழுந்தார். "சொல்லுடா. என்ன விஷயம்?"

அப்பா எல்லாரையும் விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். ஏன் என்று தெரியவில்லை. சொல்லாதே என்று பார்த்தாரா, நீ சொல்லிவிடு என்று பார்த்தாரா, இதை எழுதும்போதும் எனக்குத் தெரியவில்லை. பெனாசிர் அக்கா ஈரக் கையோடு பந்தல் ஓரத்தில் நின்றார். நான் அவரைப் பார்த்துச் சொன்னேன்.

"அங்க ஆழம் இருக்குக்கா. அன்னிக்குக் கடைசிப் படி முழுகியிருந்துச்சு."

இது யாருக்கும் புரிந்திருக்காது. மூன்று பேரைத் தவிர.

அப்பா நேராக அடுப்புக்குப் போனார். வெறும் கையால் தொக்கு அண்டாவைப் பிடித்துக் கவிழ்த்தார். கை வெந்துவிட்டது. அதோடு மணலில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

கம்பெனியை மூடும்போது உள்ளே மீந்திருந்த மருந்து டிரம்களைக் கழியில் முழுக வைக்கச் சொன்னார்கள். சொன்னவர் காண்டிராக்டர். கூட இருந்த இரண்டு பேர் வெளியூர்க்காரர்கள். பம்ப் ஹவுஸ் பக்கம் அப்போது பெரிய பள்ளம் இருந்தது. சில டிரம் தூக்கும்போதே உடைந்துவிட்டன. மற்றவை உள்ளே போய்விட்டன. அதற்குக் கூலியாக வந்ததுதான் எங்கள் ஃபைபர் படகு.

"எத்தன டிரம்முடா?" என்றார் நாட்டார்.

"எண்ணல."

"எண்ணலியா?"

"எண்ணினா ஞாபகம் இருக்கும்னு எண்ணல. மீன் செத்துது. அப்புறம் தண்ணி தெளிஞ்சுடுச்சு. சேறு முழுங்கிடுச்சுன்னு நெனச்சேன். முழுங்கினது முழுங்கினதாவே இருக்கும்னு நெனச்சேன். அந்தப் பக்கம் மட்டும் யாரும் போகாம இருந்தா போதும்னு..."

"அப்ப எதுக்கு வூட்டுல திங்கல?" என்று அத்தை கேட்டார்.

அம்மா முட்டையைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

ஜூலை 14, திங்கள்

அப்பாவை யாரும் அடிக்கவில்லை. ஊர் எங்களோடு பேசக் கூடாது என்று நாட்டார் சொல்லிவிட்டார். பொக்லைன் நிற்கிறது. மாலை வாடிவிட்டது.

காலையில் அப்பாவும் நாட்டாரும் கலெக்டர் ஆபீசுக்குப் போனார்கள். அப்பா எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம். போலீஸ் வந்து விசாரிக்குமாம். போக வர நாட்டாரின் வண்டியில்தான். கட்டுப்பாடு போட்டவரே அவர் என்பதால் வழி முழுக்கப் பேசவில்லையாம். ஆனால் ஹெல்மெட் கொடுத்தாராம்.

ஜூலை 15, செவ்வாய்

மைதானம் மேடாகாது என்று பள்ளியில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஏன் என்பதும் தெரிந்துவிட்டது. பெஞ்சில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. பை வைக்க வசதி.

ஜூலை 16, புதன்

பூங்காவனம் அத்தை வந்து வாசலுக்கு வெளியே நின்றார். கட்டுப்பாடு இருப்பதால் உள்ளே வரவில்லை. பேசுவதும் தப்புதான். சுவரைப் பார்த்துப் பேசினார்.

"எம் மருமகளுக்கு ரெண்டு தடவ கலைஞ்சுதே. அது இதனாலயா?"

அப்பா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்தபடி, "தெரியலக்கா" என்றார்.

அத்தை என்னைக் கூப்பிட்டுப் பெனாசிர் அக்காவுக்குப் போன் போடச் சொன்னார். அவரிடமும் அதையே கேட்டார். "இதனாலன்னும் சொல்ல முடியாதும்மா, இதனால இல்லன்னும் சொல்ல முடியாது" என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

"படிச்சவளுக்கும் தெரியல" என்று சுவரிடம் சொல்லிவிட்டு அத்தை போனார். போகும்போது அக்ஷிதாவின் கன்னத்தைத் தொட்டார். அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். இப்போதெல்லாம் யார் பக்கத்தில் வந்தாலும் மூடிக்கொள்கிறாள்.

ஜூலை 20, ஞாயிறு

பெனாசிர் அக்கா குழாயோடு வந்தார். அவர் ஊர்க்காரர் இல்லை என்பதால் எங்களோடு பேசலாம். அப்பா பம்ப் ஹவுஸுக்குப் படகை விட்டார். கடைசிப் படி முழுகியிருந்தது. அப்பாவுக்குக் கை முடியாததால் குழாயை நானும் அக்காவும் செருகினோம். இறங்கி வெறுங்காலால் மிதிக்க வேண்டாம் என்று அக்கா ரப்பர் பூட்ஸ் கொடுத்தார். இழுத்தபோது சேறு அடுக்கடுக்காக வந்தது. மேலே சாம்பல். அதற்குக் கீழே ஒரு கை அகலத்துக்குத் தார் மாதிரி கறுப்பு. மூடியைப் போடுவதற்குள் அதே வாசனை.

"இத எல்லாம் எடுத்துட முடியுமாக்கா?"

"கலக்காம எடுக்கணும். எடுத்தா எங்க வைக்கிறதுன்னு பாக்கணும். இல்லன்னா மேல மூடி, அப்படியே விட்டு, காவல் காக்கணும். எதுவுமே சீக்கிரம் ஆகாது" என்றார். இந்த முறை அவர் வாந்தி எடுக்கவில்லை.

அப்பா இடது கையால் சவுக்குக் கம்புகளை ஒவ்வொன்றாக ஊன்றி, டிரம் போட்ட இடத்தைச் சுற்றி வளைத்தார். சிவப்புத் துணி கட்டினார். எங்கே ஊன்றுவது என்று ஒரு இடத்திலும் யோசிக்கவில்லை. எண்ணவில்லை என்றாரே தவிர, இடம் மறந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் பறியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரமாக அவள் அப்பாவோடு பேசவில்லை. கட்டுப்பாடு ஊருக்குத்தான், உனக்கில்லை என்று அப்பா சொல்லிப் பார்த்தார். அதற்கும் பேசவில்லை. நேற்று ஒரே ஒரு வாக்கியம் பேசினாள். "திங்காதன்னு சொன்னியே, கடிக்காதன்னு சொன்னியா?"

பறியின் விளிம்பில் ஒரு இடம் மட்டும் தேய்ந்து பள்ளமாக இருக்கும். அம்மாவின் பல் பதிகிற இடம். பறி கிழிந்தாலும் அந்த விளிம்பை மட்டும் வெட்டிப் புதுப் பறியில் வைத்துத் தைத்துக்கொள்வாள். அதுதான் வாய்க்குப் பழகியது என்பாள். நான் ஒன்றாம் வகுப்பு படித்ததிலிருந்து அதே விளிம்புதான்.

அம்மா அந்தப் பள்ளத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"ரூபி, டிப்பன் மூடிக்கு எண்ண தடவினியே."

"ஆமாம்மா."

"எல்லாம் வந்துச்சா?"

"கொஞ்சம் வந்துச்சும்மா."

"மீதி?"

"மீதி மூடியிலதான் இருக்கு."

அம்மா தலையை ஆட்டினாள். பிறகு பறியைக் கீழே வைத்துவிட்டு, உலை வைக்க அரிசி களைந்தாயா என்று கேட்டாள்.